மைனஸில் கிடந்த பணம்

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் மைக்செட் போட ஆட்கள் நிறைய உண்டு. அந்த ஆட்களில் சேலை கட்டியவள் முத்துமாரி ஒருத்திதான். கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் அவள் புருஷன் சுடலைமணியின் பாடு. மேடைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மிக்சர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள் பாடு.

இந்த வேலைக்கு அவள் திட்டம் போட்டு வரவில்லை. பிறந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். அப்பா முருகையா பருத்தி போட்டுப் பிழைத்தவர். கல்யாணமான மறுவருஷம், புருஷன் மைக்செட் போட்ட ஒரு கொடைக்கு வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தாள். வில்லுப்பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் மைக் கூவென்று ஊளையிட ஆரம்பித்தது. பெட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தான். சுடலைமணி வேப்பமரத்து உச்சியில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தான். ஊரே காதைப் பொத்திக்கொண்டு கத்தியது. முத்துமாரி எழுந்து போய்ப் பெட்டியின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்பியதும் ஊளை அடங்கி, பாட்டுக்காரரின் குரல் மட்டும் தெளிவாக நின்றது.

மரத்து மேலிருந்து சுடலைமணி கேட்டான். "ஏலே, எவம்லே பெட்டியில கை வச்சது?"

"நாந்தான்."

"அப்ப கைய எடுக்காத. அங்கனயே இரு."

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒப்பாரி வைக்கிற குரலுக்கும் தாலாட்டுப் பாடுகிற குரலுக்கும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். போனில் வீடியோ பார்த்து மற்றதைக் கற்றுக்கொண்டாள். "சத்தத்தக் கூட்டுததுக்கு எவன் வேணா வரலாம். குறைக்கத்தான் ஆளு வேணும்" என்பாள். ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தேதி கேட்டு வந்தார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. டிஜிட்டல் மிக்சர் வாங்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வருகிற இன்னிசைக் குழுக்காரர்கள் வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். அந்தப் பெட்டியில் ஒரு பாடகருக்கு ஒரு முறை சரிபண்ணி வைத்தால் அது அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். கையில் போனை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து, கடைசி ஆளுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்த்து அங்கிருந்தே மாற்றலாம். அந்தப் பெட்டியின் படத்தைப் போனில் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பெட்டியின் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம்.

ஆனி மாதத்தில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. அதே சமயத்தில் தேரடிப் பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பேங்குக்காரப் பையன் வலியக் கூப்பிட்டு அவளுக்குக் கிரெடிட் கார்டு எழுதிக் கொடுத்திருந்தான். அந்தக் கார்டில் வாங்கினால் மிக்சருக்குத் தள்ளுபடி உண்டு என்று ஆன்லைன் கடையில் போட்டிருந்தது. வாங்கிவிட்டாள், தொண்ணூற்று ஓராயிரம். ஆனால் கடன் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. பில் வருகிற வரைக்கும் பொறுக்காமல், மறுநாளே சேமிப்புக் கணக்கில் போட்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கார்டுக்கு முழுசாகக் கட்டிவிட்டாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

மிக்சர் வரவில்லை. சரக்கு கையில் இல்லை, ஆர்டரை ரத்து செய்துவிட்டோம், பணம் வந்த வழியே திரும்பிவிடும் என்று கடைக்காரர்கள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். முத்துமாரி தன் சேமிப்புக் கணக்கைப் பார்த்தாள். வந்த வழி அதுதான் என்று அவள் நினைப்பு. அங்கே ஒன்றும் வரவில்லை. கடைக்குப் போன் போட்டால், "அனுப்பியாச்சு மேடம்" என்றார்கள். எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டால் அதற்கும், "அனுப்பியாச்சு மேடம்" என்றார்கள்.

இப்படி ஆனி போய் ஆடி பிறந்தது. சங்கரன்கோவிலில் ஆடி என்றால் தபசுத் திருவிழாதான் பேச்சு. கொடியேறின மறுநாள் காலையில் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கிற ரத வீதி மண்டகப்படிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"மாரி, இந்த வருஷம் நம்ம மேடையில பெரிய இன்னிசைக் கச்சேரி வைக்கோம். டிஜிட்டல் மிக்சர் இருந்தாத்தான் வருவோம்னு பாட்டுக்காரங்க சொல்லுதாங்க. ராயகிரி மைக்செட் பெருமாள்சாமி வாங்கிப் போடுதேன்னு நிக்கான். ஆனா எனக்கு ஒன்ட்ட குடுக்கணும்னு ஆசை. முடியுமா?"

"எப்பம் சொல்லணும் அண்ணாச்சி?"

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள பெட்டி ஒன் வீட்டுல இருந்தா கச்சேரி ஒனக்கு."

அவர் செருப்பை மாட்டுவதற்குள் முத்துமாரி போனை எடுத்துவிட்டாள். கடையநல்லூரில் முகம்மது அப்சல் என்று ஒருவர் இருந்தார். துபாயில் விழா நடத்துகிற கம்பெனியில் ஒலி வேலை பார்த்துவிட்டு, இனி போவதில்லை என்று ஊரோடு வந்து ஜவுளிக்கடை வைத்தவர். வரும்போது ஒரு டிஜிட்டல் மிக்சரும் கொண்டுவந்திருந்தார். அதை விற்கப் போகிறார் என்று மைக்செட்காரர்களின் வாட்ஸப் குழுவில் அன்றைக்குத்தான் செய்தி வந்திருந்தது.

"எண்பத்தஞ்சுக்குத் தாரேன் அக்கா. கேபிள், பொட்டி எல்லாம் சேத்து" என்றார் அப்சல். "ஆனா ஒண்ணு. ராயகிரில இருந்தும் ஒருத்தர் கேட்டிருக்காரு. ஒங்க வேல எனக்குத் தெரியும், ஒங்க மைக்செட்டப் புளியங்குடியில கேட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒங்களுக்குன்னு வைக்கேன். அதுக்கு மேல அவர இழுத்துப் பிடிச்சுத் தாக்காட்ட முடியாது."

படத்தில் பார்த்த மாதிரிப் பெட்டி இருபது மைல் தள்ளி ஒரு ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. வேண்டியது அந்தத் தொண்ணூற்று ஓராயிரம்தான். அது எங்கே போனது? வந்த வழி, வந்த வழி என்று கடைக்காரர்கள் சொன்னது முத்துமாரிக்குத் திடீரென்று உறைத்தது. அவர்களுக்குப் பணம் போனது கார்டிலிருந்து அல்லவா? அதுவரை திறந்தே பார்க்காத கார்டு செயலியைத் திறந்தாள்.

மொத்தப் பாக்கி என்று போட்டு, அதற்கு நேராக ஒரு சின்னக் கோடும் தொண்ணூற்று ஓராயிரமும் இருந்தது. மைனஸ் தொண்ணூற்று ஓராயிரம்.

வாங்காத பெட்டிக்குக் கட்டிய பணமும் போய், மேற்கொண்டு அவ்வளவு கடனும் ஏறி நிற்கிறது என்றுதான் அவளுக்குப் பட்டது. புருஷனிடம் போனை நீட்டினாள். சுடலைமணி அதை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தான், கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"மைனஸுன்னா குறையுதுன்னுதான அர்த்தம்" என்றான் மெதுவாக.

"அதத்தான் நானும் சொல்லுதேன். நமக்குக் குறையுது."

"சரி, அழாத. பேங்குக்குப் போய்க் கேளு. வெட்டவா போறாங்க."

"நான் எங்க அழுதேன்?" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

கழுகுமலை ரோட்டில் இருந்தது அந்தப் பேங்கு. உள்ளே மூன்று மேசைகள். ஒன்றில் தேன்மொழி என்று பெயர்ப்பலகை வைத்த பெண் இருந்தாள். முத்துமாரி சண்டைக்குத் தயாராகத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். தேன்மொழி போனை வாங்கிப் பார்த்தாள். தன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, இது நீங்க பேங்குக்குத் தர வேண்டிய பணம் இல்ல. பேங்கு ஒங்களுக்குத் தர வேண்டிய பணம்."

முத்துமாரி போனைத் திரும்ப வாங்கி அந்தச் சின்னக் கோட்டை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க தர வேண்டியதைத்தான் பாக்கின்னு போடுவாங்க. அதுல மைனஸ் போட்டா, நீங்க கூடுதலாக் கட்டி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். பில் வாறதுக்கு முந்தியே நீங்க பணத்தைக் கட்டிட்டீங்க. அதுக்கப்புறம் கடைக்காரங்களும் அதே பணத்தைக் கார்டுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. கடன் ஒண்ணுமே இல்ல. ஒங்க காசு பூரா இங்கன பத்திரமா இருக்கு."

"இன்னொரு மட்டம் சொல்லு தாயி."

தேன்மொழி சிரித்துக்கொண்டே இன்னொரு மட்டம் சொன்னாள். முத்துமாரிக்குக் காது அடைத்தது போலிருந்து பட்டென்று திறந்தது. காணாமல் போன பணம் கிடைத்ததோடு இல்லை, இல்லாத கடன் ஒன்றும் தீர்ந்துபோய்விட்டது. ஒரே நாளில் இரண்டு தடவை பணக்காரி ஆன மாதிரி இருந்தது. நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"அப்ப எடுத்துக் குடு."

"கையில எடுத்துக் குடுக்க முடியாதுக்கா. கார்டுக் கணக்கு வேற, சேமிப்புக் கணக்கு வேற. அப்படியே விட்டு வச்சா, நீங்க அடுத்து கார்டுல எது வாங்கினாலும் அதுல கழிஞ்சிக்கிடும்."

"நான் வாங்கப் போற ஆளுட்ட கார்டு தேய்க்கிற மெஷின் கிடையாதும்மா. எனக்குக் காசாத்தான் வேணும். அப்ப கார்ட ஏடிஎம்முல போட்டு எடுத்திரவா?"

"ஐயோ, அத மட்டும் செஞ்சிராதீங்க. நம்ம காசா இருந்தாலும் கிரெடிட் கார்டுல ரொக்கம் எடுத்தா அதுக்குன்னு தனியாக் கட்டணம் பிடிச்சிருவாங்க. கூடுதலா இருக்கத என் பேங்குக் கணக்குக்கு மாத்திவிடுங்கன்னு நீங்க கேக்கணும். கேட்டாக் கட்டாயம் குடுத்தாகணும்." அவள் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள். "கார்டு பிரிவு சென்னையில இருக்கு. இங்கன இருந்தே பேசுங்க, நான் இருக்கேன்."

முத்துமாரி பேசினாள். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, வேறு எதற்கோ நான்கை அழுத்தச் சொன்னது. பிறகு பாட்டுப் போட்டுக் காக்கவைத்தது. அந்த அவசரத்திலும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன இப்படிக் கிரீச்சுன்னு வச்சிருக்கான்" என்று தேன்மொழியிடம் முணுமுணுத்தாள். கடைசியில் ஒரு பையன் குரல் வந்து எல்லாம் கேட்டது. பணத்தைத் திருப்பித் தரலாம், ஆனால் கார்டில் இருக்கிற பெயரும் கணக்கில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது.

அங்கேதான் சிக்கியது. கார்டில் சு. முத்துமாரி. அது ஆதாரில் உள்ளபடி, புருஷன் பெயரின் முதலெழுத்து. அவளுடைய சேமிப்புக் கணக்கோ கல்யாணத்துக்கு முன்னால் கரிவலத்தில் வேறொரு பேங்கில் அப்பா கூட்டிப்போய்த் திறந்துவைத்தது. அதில் மு. முத்துமாரி. பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது ஒரே ஒரு எழுத்து நின்றது.

"பெயர் மாற்றி எடுத்துட்டு வாங்க மேடம்" என்றது குரல்.

"அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

"அது அந்தப் பேங்கைப் பொறுத்தது மேடம்."

முத்துமாரி போனைக் காதிலிருந்து எடுத்துத் தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி அதற்குள் மேசை இழுப்பறையைத் திறந்து விரல் ரேகை பதிக்கிற சின்னக் கருவியை வெளியே எடுத்திருந்தாள்.

"அந்தக் கணக்கு எதுக்குக்கா? நம்ம பேங்குலயே இப்பம் ஒரு கணக்குத் திறந்திருவோம். ஆதார் பேரு, கார்டு பேரு, கணக்குப் பேரு மூணும் ஒண்ணா இருக்கும். கட்டைவிரல வைங்க."

வைத்தாள். கருவி ஏற்கவில்லை. வருஷக்கணக்காகக் கேபிளைச் சுற்றிச் சுற்றி, வயரைப் பல்லாலும் நகத்தாலும் உரித்து, அவள் கட்டைவிரலில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. துடைத்து வைத்தாள், ஆகவில்லை. அடுத்த விரல், ஆகவில்லை. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து, தலையில் இருக்கிற தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு வைக்கச் சொன்னார். வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? இடது கை மோதிர விரலைத் தலைமுடியில் தேய்த்து எடுத்துக் கருவியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று மேசைக்காரர்களும் சேர்ந்து கை தட்டினார்கள்.

சென்னைக்கு மறுபடி போன் போட்டு, புதுக் கணக்கு எண்ணைச் சொல்லி, கேட்டதற்கு அடையாளமாக ஒரு எண்ணும் வாங்கியாகிவிட்டது. அந்தக் கணக்கை அவள் போனில் ஏற்றிப் பணம் அனுப்ப வழியும் செய்து கொடுத்தாள் தேன்மொழி. "மூணு வேலை நாள்னு சொல்லுதாங்க. பெரும்பாலும் அதுக்குள்ள வந்திரும்" என்றாள்.

அன்றைக்குச் செவ்வாய். மூன்று வேலை நாள் என்றால் வெள்ளி.

புதனும் வியாழனும் முத்துமாரி போனைக் கீழே வைக்கவில்லை. சோறு பொங்கும்போது அடுப்பு மேடையில், துணி துவைக்கும்போது சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் என்று அது கூடவே இருந்தது. ரீசார்ஜ் செய்யச் சொல்லி வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஓடிவந்து பார்த்தாள். வியாழக்கிழமை வாட்ஸப் குழுவில் பெருமாள்சாமி ஒரு செய்தி போட்டார். நாளைக்கு மதியம் கடையநல்லூர் போகிறேன், புது மிக்சர் எடுக்கப் போகிறேன் என்று. கீழே கைகூப்புகிற பொம்மைப் படம் ஒன்று.

"போனாப் போகுது ஏட்டி, வேற வாங்கிக்கிடலாம்" என்றான் சுடலைமணி.

"நீங்க சும்மா இருங்க. இன்னும் நாளைக்கு முழுசாக் கெடக்கு."

வெள்ளிக்கிழமை அவர்களுக்குக் கரிவலத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு காலையிலேயே ஆரம்பித்து, உச்சிக்காலப் பூசைக்கு முன்னால் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பாட்டுக்காரர் குரலை ஏற்ற ஏற்ற, குடமும் உடுக்கையும் அவரை விழுங்கப் பார்த்தன. முத்துமாரி இரண்டு கையும் குமிழ்களில் வைத்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

எடுக்க முடியாது. இப்போது கையை எடுத்தால் ஊளைதான். மறுபடி அதிர்ந்தது. பாட்டு ஒரு கண்ணியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் குனிந்து பார்த்தாள்.

கணக்கில் தொண்ணூற்று ஓராயிரம் வரவு.

அவள் கத்தவில்லை. எதிரில் மைக் இருந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சாமிக்குக் கூட்டமெல்லாம் குலவையிட்ட அந்த நேரத்தில் தானும் சேர்ந்து குலவையிட்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவளுக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து இடம் விட்டு நகர்ந்தார்கள். சுடலைமணி ஜெனரேட்டரை விட்டுவிட்டு ஓடிவந்தான். போனைக் காட்டினாள். இந்தத் தடவை அவன் தூரத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"அனுப்பட்டா?" என்றாள்.

"கேட்டுக்கிட்டு அனுப்பு."

அப்சலுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. பெருமாள்சாமி இந்நேரம் கடைக்குள் உட்கார்ந்திருப்பாரோ? யோசிக்க நேரமில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த அப்சலின் நம்பருக்கு எண்பத்தைந்தாயிரத்தையும் அனுப்பிவிட்டாள். டிங் என்று பச்சையாக ஒரு குறி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பயம் பிடித்தது. ஒருவேளை பெட்டியை அவர் கொடுத்துவிட்டிருந்தால்? இத்தனை பாடுபட்டுத் திரும்பி வந்த பணம் மறுபடி ஒரு போனுக்குள் போய்விட்டதே.

"நீங்க லோடு ஆட்டோவ எடுங்க" என்றாள் புருஷனிடம்.

"அவரு போனே எடுக்கலியே. என்னன்னு போக?"

"போய்க்கிட்டே இருங்க. எடுத்ததும் சொல்லுதேன்."

சுடலைமணி கிளம்பினான். ஆட்டோ புழுதிக்குள் மறைந்தது. முத்துமாரி ஒரு கையால் வில்லுப்பாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கடையநல்லூரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உச்சிக்காலப் பூசை முடிந்தது. பந்தி போட்டார்கள். அவளுக்கு இலை போட்டும் போகவில்லை. கோயில் மணி ஓய்ந்து, கூட்டம் நிழலுக்குப் போன பிறகு அப்சலே கூப்பிட்டார்.

"அக்கா, மன்னிச்சிக்கிடுங்க. இன்னைக்கு ஜும்ஆல்லா. போன சைலன்ட்டுல வச்சிட்டுத் தொழப் போயிட்டேன். வந்து பாத்தா ஒங்க காசு நிக்கி. அல்ஹம்துலில்லாஹ். பொட்டி ஒங்களுக்குத்தான்."

"ராயகிரி அண்ணாச்சி வந்தாகளா?"

"இங்கனதான் இருக்காக. கடையில ஒக்காந்து டீ குடிக்காக. வாக்கு ஒங்களுக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

முத்துமாரி போனை வைத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கினாள்.

கடையநல்லூரில் நடந்ததைச் சுடலைமணி அன்றைக்குச் சாயங்காலம், அவளும் வீடு வந்து சேர்ந்ததும்தான் சொன்னான். பெட்டியை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஆறுமுகச்சாமி அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கமிட்டிக்குப் போனில் தகவல் சொல்லிக் கச்சேரியை உறுதி செய்து, எல்லாம் முடிந்த பிறகு. பெருமாள்சாமி சண்டைக்கு வரவில்லையாம். பெட்டியை ஆட்டோவில் ஏற்ற ஒரு பக்கம் கைகூடக் கொடுத்தாராம். ஏற்றிவிட்டு, பணம் எப்படிப் புரட்டினீர்கள் என்று சும்மா கேட்டிருக்கிறார். சுடலைமணி மைனஸ் கதையைச் சொன்னதும் மனுஷன் முகம் மாறிவிட்டதாம்.

"வே, எனக்கும் ஒரு மைனஸ் கெடக்குவே" என்றாராம். "பேஸ் ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கிப் பில்லும் கட்டினேன். ஒடஞ்சி வந்தது, திருப்பி அனுப்பிட்டேன். அதுல இருந்து கார்டுல மைனஸ் காட்டுது. கடன்னு நெனச்சு மாசாமாசம் ரெண்டாயிரம் கட்டி அடைச்சிக்கிட்டு வாரேன். சவம், கட்டக் கட்டக் கூடிக்கிட்டே போகுது."

முத்துமாரி சிரித்த சிரிப்பில் மிக்சர் மேல் போர்த்தியிருந்த துண்டு கீழே விழுந்தது. சிரித்து முடித்துவிட்டு உடனே பெருமாள்சாமிக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, இனி ஒரு பைசா கட்டாதீய. திங்கக்கிழமை காலையில கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டுச் சங்கரன்கோவில் வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்." அவர் கார்டும் அதே பேங்குடையதுதான்.

திங்கட்கிழமை தேன்மொழி இருவரையும் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாள். பெருமாள்சாமிக்குப் பெயர்ச் சிக்கல் எதுவும் இல்லை. அந்தப் பேங்கிலேயே பழைய கணக்கும் இருந்தது. போனில் சொல்லி முடித்து வெளியே வந்ததும், ரோட்டோரத்துக் கடையில் அவர் முத்துமாரிக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

"மாரி, கச்சேரிக்கு பேஸ் பாக்ஸ் ஒன்ட்ட போதுமா?"

"பத்தாது அண்ணாச்சி. வாடகைக்கு எடுக்கணும்."

"என்னது ரெண்டு சோடி நிக்கி. நானே கொண்டாந்து எறக்குதேன்."

கச்சேரியன்று ரத வீதியில் எள் விழ இடமில்லை. அன்றைக்குச் சாயங்காலம் தபசுக் காட்சி முடிந்து, சங்கரநாராயணரைக் கண்ட ஜனம் நேர்த்திக்காகப் பருத்தியும் மிளகாயும் வாரி வீசிச் சூறைவிட்டுவிட்டு அப்படியே மேடைப் பக்கம் திரும்பியது. வளையல் கடைகளில் வெளிச்சம் மின்னியது. ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. மேடைக்கு எதிரே புதுப் பெட்டியின் திரை நீலமாக எரிந்தது. பெருமாள்சாமியின் பாக்ஸ்கள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. முத்துமாரி ஒவ்வொரு பாடகரையும் முன்னாலேயே பேசவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சரிபண்ணிப் பெட்டியில் பதிந்து வைத்திருந்தாள். குழுத் தலைவர் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

முதல் பாட்டுத் தொடங்கியது. முத்துமாரி பெட்டிக்குப் பக்கத்தில் சுடலைமணியை உட்காரவைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். இத்தனை வருஷத்தில் தான் போட்ட மைக்செட்டைக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று அவள் கேட்டதே இல்லை. எப்போதும் பெட்டியோடு கட்டிப் போட்டது போல் ஒரே இடம்தான். இப்போது நடந்தாள். வளையல் கடைக்கு முன்னால் பாடகியின் குரல் கொஞ்சம் உள்ளே போனது. விரலால் தள்ளினாள், வெளியே வந்தது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவன் தலையை ஆட்டினான். அவனுக்குக் கேட்பது அவள் கையில் இருந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் குழுத் தலைவர் மைக்கை வாங்கினார். "இந்த ஊர்ல மிக்சர்ல இருக்கிறது யாருங்க? நாங்க பாடுறது எங்களுக்கே இவ்வளவு நல்லாக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் பெட்டிப் பக்கம் திரும்பினார்கள். அங்கே இருந்த சுடலைமணி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, நான் இல்லை என்று கையை ஆட்டி, கூட்டத்தின் கடைசியைக் காட்டினான். அல்வாக் கடைக்குப் பக்கத்திலிருந்து போன் வெளிச்சத்தோடு ஒரு கை உயர்ந்தது. ஜனம் திரும்பிப் பார்த்தது. முத்துமாரி கையை இறக்கவில்லை. அடுத்த பாட்டுக்குத் தாளம் விழுந்தது. பேஸ் சற்றே கூடுதல் என்று பட்டது. கையை இறக்கி, விரலால் ஒரு பொட்டுக் கீழே இழுத்தாள்.